கத்தரிக்கும் காதுக்கும் நடுவே

மார்ச் 4, செவ்வாய்

மறுபடியும் முடிவெட்டும் கடைக்குப் போனேன். எத்தனை மாதம் ஆயிற்று! கத்தரி கையில் ஏறியதுமே விரல்கள் தானாக வேலையை ஆரம்பித்துவிட்டன, நான்தான் பின்னால் ஓடினேன். நாத்தனார் என் நாற்காலியைப் பளபளவென்று துடைத்து வைத்திருந்தாள். "அண்ணி, முதல் நாளே ஊர்ல இருக்கற தலையெல்லாம் வெட்டிடாதீங்க. எனக்கும் ரெண்டு விடுங்க" என்றாள்.

கால் எரியவில்லை. இதைக் கொட்டை எழுத்தில் எழுத வேண்டும். முதுகு ஆபரேஷனுக்குப் பிறகு இடுப்பிலிருந்து சுண்டுவிரல் வரை மிளகாய் அரைத்துப் பூசியது போல் எரிந்துகொண்டிருந்த இடது கால், இன்று சாயங்காலம் வரை என்னை நிற்க விட்டது. எல்லாம் இடுப்புக்கு மேலே தோலுக்கடியில் வைத்திருக்கும் பேட்டரியும், தண்டுவடத்தை ஒட்டிக் கிடக்கும் கம்பிகளும் செய்கிற வேலை. எரிச்சல் இருந்த இடத்தில் இப்போது லேசான குறுகுறுப்பு.

டாக்டர் சொன்னது எனக்குப் புரிந்த வரையில்: பழைய காலத்து மிஷின் ஒரே அளவில் கரண்ட்டை அனுப்பிக்கொண்டே இருக்கும். இது அப்படியில்லை. ஒவ்வொரு முறை அனுப்பியதும் தண்டுவடம் என்ன பதில் சொல்கிறது என்று கேட்டு, அடுத்ததைக் கூட்டவோ குறைக்கவோ செய்யும். குனிந்தாலும் இருமினாலும் தண்டுவடம் கம்பிப் பக்கமாக நகருமாம். அப்போது அதுவே குறைத்துக்கொள்ளுமாம். "உள்ள ஒண்ணு இருக்கறதையே மறந்துடுவீங்க" என்றார்.

மறக்க முடியவில்லை. தலை கழுவும் தொட்டியிலிருந்து நிமிர்ந்தபோது ஒரு சுளீர். தும்மியபோது இன்னொன்று. நல்லவேளை, இரண்டு தடவையும் கையில் கத்தரி இல்லை.

மார்ச் 5, புதன்

தலையணை உறையை உதறும்போது தும்மினேன். தொடையிலிருந்து பாதம் வரை யாரோ சாட்டையால் அடித்தது போல. கையிலிருந்த உறை பறந்து போய் ஜன்னலில் விழுந்தது. இவர் பாதிச் சவரத்தோடு ஓடிவந்தார். "ஐயோ, என்னாச்சு?"

கல்யாணமான நாளிலிருந்து நான் தும்மினால், படிக்கிற பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமலேயே "நூறு" என்கிற மனுஷன் இவர். சின்னக் குழந்தைக்கு நூறு வயசு வாழணும்னு சொல்ற மாதிரி எனக்கு எதுக்கு நூறு என்று சண்டைகூடப் போட்டிருக்கிறேன். இந்த மிஷின் வந்த பிறகு நூறு போய் ஐயோ வந்துவிட்டது.

நாளை மறுநாள் செட்டிங் பார்க்கப் போக வேண்டும். கண்ணாடி முன் நின்று பயிற்சி எடுத்துக்கொண்டேன். மூச்சை இழுத்துப் பிடித்து, வயிற்றை இறுக்கி, பிறகு இருமினால் ஒன்றும் ஆகவில்லை. குனிவதற்கும் அப்படியே. நாளைக்கும் ஒரு தரம் செய்து பார்த்துவிட வேண்டும்.

மார்ச் 7, வெள்ளி

கிளினிக். செட்டிங் போடுகிறவரை மனதுக்குள் லேப்டாப் மேடம் என்றுதான் கூப்பிடுகிறேன். அவர் என் முகத்தைப் பார்ப்பதைவிட அதன் முகத்தைப் பார்ப்பதுதான் அதிகம். எதைச் சொன்னாலும் "ம்ம்". இடுப்பு வரை முடி. அதை வெட்டி வருஷமிருக்கும், நுனியெல்லாம் பிளந்து துடைப்பமாகக் கிடக்கிறது. பார்த்தாலே கை பரபரக்கிறது.

இடுப்பில் ஒரு சின்ன டப்பாவைச் செருகினார். அது வழியாக என் முதுகு லேப்டாப்போடு பேசும். நில்லுங்க, நடங்க, குனிங்க, படுங்க, எழுந்திருங்க, இருமுங்க. எல்லாவற்றையும் செய்தேன். திரையில் கோடு அலையாமல் ஓடியது. எல்லாவற்றிலும் பாஸ்!

"தும்மும்போது எப்படி இருக்கு?" என்றார்.

"கொஞ்சம் இருக்கு. பரவாயில்ல மேடம்."

"ம்ம்."

ஏன் பரவாயில்லை என்றேன்? சரிப்படாவிட்டால் எடுத்துவிடலாம் என்று டாக்டர் முதலிலேயே சொல்லியிருக்கிறார். எடுத்துவிட்டால் மறுபடியும் அந்த மிளகாய்க் கால். அந்தப் பயம்தான், வேறென்ன.

மார்ச் 8, சனி

வெட்டிவிட்டேன். பேங்க் அம்மாவின் காதை.

எழுத்தெல்லாம் கோணல்.

பேங்க்கில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். கடை திறந்த நாளிலிருந்து என் நாற்காலியைத் தவிர வேறெதிலும் உட்கார்ந்ததில்லை. காதுக்கு மேலே சீர் செய்துகொண்டிருந்தேன். குனிந்து, இரண்டு கையும் மேலே. ஏதோ கேட்டார், பதில் சொல்ல நிமிர்ந்தேன் — அவ்வளவுதான். சுளீர். கால் உதறியது, கை மூடிக்கொண்டது. கத்தரியும் மூடிக்கொண்டது.

காது மடலின் ஓரம். ஆழமில்லை. ஆனால் காதிலிருந்து இவ்வளவு ரத்தம் வருமா? வெள்ளைத் துண்டு முழுக்க. நாத்தனார்தான் ஓடிவந்து அழுத்திப் பிடித்தாள். டாக்டரிடம் கூட்டிப்போய்த் தையல் போட வைத்தாள். நான் சிலை மாதிரி நின்றேன். பேங்க் அம்மா என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் அழுதாவது தொலைத்திருப்பேன். வாசலில் செருப்பு மாட்டும்போது, "உங்களுக்கு உடம்பு சரியாகலன்னா ஏன்மா கத்தரியத் தொட்டீங்க?" என்று மட்டும் கேட்டார்.

ஏன் தொட்டேன்? எனக்கு வேற என்ன தெரியும்?

மார்ச் 9, ஞாயிறு

கத்தரிகளைத் துடைத்து உறையில் போட்டு அலமாரி மேல் தட்டில் வைத்துவிட்டேன்.

மார்ச் 11, செவ்வாய்

நாத்தனார் கடை போனை எடுத்து என் முன்னால் வைத்தாள். பக்கத்திலேயே துடைப்பம். புரிந்துவிட்டது.

நாள் முழுக்க "ஹலோ, எத்தனை மணிக்கு வரீங்க?" என்று கேட்டேன், அவள் வெட்டிப் போட்ட முடியைக் கூட்டினேன். என் நாற்காலி காலியாகச் சுற்றிக்கொண்டிருந்தது. சாயங்காலம் கணக்கு முடித்தபோது தயங்கித் தயங்கி ஆரம்பித்தாள். "அண்ணி, தப்பா எடுத்துக்காதீங்க. ஒத்தக் கையால என்னால சமாளிக்க முடியல. மாசக் கடைசி வரைக்கும் பாக்கறேன். அப்புறம் அந்த நாற்காலிக்கு ஒரு ஆளப் போட்டாகணும்."

தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை என்றேன். எடுத்துக்கொண்டேன். வீடு வந்து சேரும் வரை அவளோடு மனதுக்குள் சண்டை போட்டேன். அவள் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை என்பதால் சண்டை முடியவே இல்லை.

மார்ச் 13, வியாழன்

இவர் யோசனை: "மிஷினுக்குக் குடுத்த ரிமோட்ல கரண்ட்ட குறைச்சு வச்சுக்கயேன்."

குறைத்தேன். தும்மினேன், ஷாக் இல்லை. பத்துப் பாத்திரம் தேய்ப்பதற்குள் கால் எரிய ஆரம்பித்தது. பாதிச் சமையலில் தரையில் உட்கார்ந்துவிட்டேன். இவர் அடுப்பை அணைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

குறைத்தால் நிற்க முடியாது. கூட்டினால் கத்தரி பிடிக்க முடியாது. இரண்டில் எது வேண்டும் என்று என் உடம்பே என்னிடம் பேரம் பேசுகிறது.

மார்ச் 15, சனி

மறுபடி கூட்டிவிட்டேன். நிற்கவாவது செய்யலாம்.

மார்ச் 19, புதன்

நல்ல சண்டை.

நாளைக்கு மறுபடி செட்டிங். கண்ணாடி முன்னால் நின்று இருமிக்கொண்டிருந்தேன். இவர் கதவில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தது தெரியவில்லை.

"என்ன பண்ற?"

"நாளைக்கு டெஸ்ட்டு. பழகிக்கறேன்."

"எத பழகற?"

மூச்சைப் பிடித்து இறுக்கி இருமிக் காட்டினேன். இவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. "ஒவ்வொரு தடவையும் இப்பிடித்தான் அங்க இருமறியா?"

"ஆமா. கோடு ஆடாம நல்லா வருது."

"ஏம்மா, அவங்க என்ன உனக்கு மார்க்கா போடறாங்க? நீ அங்க ஒரு இருமல் இருமற, வீட்ல ஒரு இருமல் இருமற. அந்தம்மா உன் நடிப்புக்குத்தான் செட்டிங் போட்டு அனுப்பிருக்காங்க!"

கத்தினேன். எரிஞ்சது என் கால், உங்களுக்கென்ன தெரியும், எடுத்துடுவாங்கன்ற பயம் உங்களுக்கா எனக்கா — வாயில் வந்ததையெல்லாம் கொட்டினேன். இவர் போய் அவருடைய அண்ணனுக்குப் போன் போட்டார். அந்த வீட்டில் எப்போதும் சிக்னல் கிடைக்காது, அதனால் இவர் கத்துவார். நடுவில் திடீரென்று லைன் தெளிவானதும் அண்ணன் அந்தப் பக்கம் "டேய், காது போச்சுடா!" என்று அலறினார். எனக்கே கேட்டது. மற்ற நாளாக இருந்தால் சிரித்திருப்பேன்.

இவர் சொன்னது சரி. அதனால்தான் இவ்வளவு கோபம்.

மார்ச் 20, வியாழன்

சொல்லிவிட்டேன். பயிற்சி எடுத்தது, மூச்சைப் பிடித்தது, பரவாயில்லை என்றது, பேங்க் அம்மா காது, எல்லாவற்றையும். சொல்லும்போது கண்ணைத் துடைக்கக் கையே வரவில்லை, மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

லேப்டாப் மேடம் முதல் தடவையாக லேப்டாப்பை மூடினார்.

"நானும் ஒரு தப்பு பண்ணிருக்கேன். இப்ப இருமுங்கன்னு சொல்லிட்டுத்தான் டெஸ்ட் பண்றேன். இப்ப தும்முங்கன்னு சொல்லிட்டா தும்மல் வருமா?" பேனாவை எடுத்துக்கொண்டார். "வேல செய்யும்போது எப்பிடி நிப்பீங்க?"

நின்று காட்டினேன். அவர் எழுந்து என்னைச் சுற்றி வந்து பார்த்தார்.

"இப்பிடி ஒரு நிலையில நான் உங்கள டெஸ்ட் பண்ணதே இல்ல. அடுத்த வியாழக்கிழம கத்தரி கொண்டு வாங்க."

"யாருக்கு வெட்ட?"

பின்னலை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். "எனக்குத்தான். ஒரு வருஷமா வெட்டணும்னு நெனச்சிட்டிருக்கேன்."

முடியாது என்றேன். ஒரு காது போதும் என்றேன். "ம்ம்" என்று அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்.

மார்ச் 24, திங்கள்

நாத்தனார் ஒரு ஆளைப் பேசிவிட்டாள். பெரிய கடையில் வேலை செய்தவளாம், நல்ல கையாம். முதல் தேதியிலிருந்து வருகிறாள்.

மேல் தட்டிலிருந்து உறையை இறக்கி வைத்தேன். இன்னும் திறக்கவில்லை.

மார்ச் 27, வியாழன்

விவரமாக எழுத வேண்டும், இல்லாவிட்டால் நாளைக்கு எனக்கே நம்பிக்கை வராது.

மேடம் சுழல் நாற்காலியில் உட்கார்ந்து மடியில் லேப்டாப்பை வைத்துக்கொண்டார். கழுத்தில் துணி கட்டி, கீழ்நுனியை லேப்டாப்புக்கு அடியில் செருகினேன். இவர் வெளியே பெஞ்சில். ஒரு கத்தரியைப் பிடிக்க இவ்வளவு பயப்படுவேன் என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

முதலில் கீழே, நீளத்தைக் குறைத்தேன். ஒன்றுமில்லை. பிறகு காதுப் பக்கம் வந்தேன். இடது கை விரல்களால் அவர் காதை மடித்து மூடிக்கொண்டேன். குனிந்து, முழங்கையைத் தூக்கி —

"அப்பிடியே இருங்க. வெட்டறத நிறுத்தாதீங்க" என்றார். குரல் மாறியிருந்தது. "பாருங்க, இங்க கோடு இளைக்குது. கரண்ட் ஏறுது. இன்னும் ஏறுது."

"மேடம், நிறுத்திடவா?"

"வேணாம். கத்தரியோட நிமிருங்க. மூச்சப் பிடிக்காம."

நிமிர்ந்தேன். சுளீர்.

கத்தரி மூடியது. மூடிய இடத்தில் என் விரல் இருந்தது. அவர் கன்னத்தோரத்தில் ஒரு கொத்து முடியும் போய்விட்டது. காது மட்டும் பத்திரம். என் விரலிலிருந்து ரத்தம் அவர் துணியில் சொட்டியது. நான் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே இருக்கிறேன், அவர் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவே இல்லை.

"கெடச்சிடுச்சு" என்றார்.

நர்ஸ் வந்து விரலில் கட்டுப் போடுவதற்குள் விளக்கினார். நான் கையைத் தூக்கிக் குனிந்து நிற்கும்போது முதுகுத் தசை இறுகுகிறதாம். அந்த இரைச்சலில் தண்டுவடம் சொல்லும் பதில் மிஷினுக்குச் சரியாகக் கேட்பதில்லை. கேட்காததால் பதில் குறைந்துவிட்டது என்று நினைத்துக் கூட்டிக்கொண்டே போகிறது. நான் சட்டென்று நிமிர்ந்ததும் எல்லாம் தெளிவாகிவிடுகிறது, ஆனால் கரண்ட் இன்னும் உச்சத்திலேயே இருக்கிறது. குறைவதற்குள் ஒரு அடி விழுந்துவிடுகிறது.

"எங்க வீட்டுக்காரர் அவங்கண்ணன்கிட்ட போன் பேசற மாதிரி" என்றேன்.

நடித்துக் காட்டினேன். லேப்டாப் மேடம் சிரித்தார். பல் தெரிய.

பிறகு கம்பியில் பதிலைக் கேட்கிற இடத்தை மாற்றினார். சீக்கிரம் குறைகிற மாதிரி செய்தார். இதற்கு மேல் ஏறாதே என்று ஒரு வரம்பும் வைத்தார். "மறுபடி வாங்க" என்று தலையைக் காட்டினார். கட்டுப் போட்ட விரலோடு மறுபடி காதை மடித்துப் பிடித்தேன். குனிந்தேன். வெட்டினேன். நிமிர்ந்தேன். லேசாக யாரோ தொட்டுவிட்டுக் கையை எடுத்துக்கொண்டது போல இருந்தது. அவ்வளவுதான்.

அடுத்து, டிஷ்யூ பேப்பரைத் திரியாகத் திரித்து நீட்டினார். மூக்கில் விட்டேன். தும்மல் வந்தபோது கத்தரி அவர் காதிலிருந்து ஒரு விரல் தள்ளி இருந்தது. கண் மூடிக்கொண்டது, உடம்பு குலுங்கியது. கை அங்கேயே இருந்தது.

கன்னத்தோரத்துக் கொத்தைச் சரிக்கட்ட முடியைத் தோள் வரை ஏற்ற வேண்டியதாகிவிட்டது. நன்றாகவே இருக்கிறது. வெளியே வந்த மேடத்தைப் பார்த்து இவருக்கு அடையாளம் தெரியவில்லை.

மார்ச் 28, வெள்ளி

கிளினிக்கில் பாஸ் ஆவது எனக்கென்ன புதிதா? வெளியே பாஸ் ஆனால்தான் நம்புவேன்.

மார்ச் 30, ஞாயிறு

இவர் தானாகவே துண்டைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். "ரெண்டு காதும் பழசுதான், பயப்படாம வெட்டு." வெட்டி முடித்தேன். நடுவில் இரண்டு தடவை லேசாக அதிர்ந்தது, கை அசையவில்லை. ஆனால் தும்மல் வரவே இல்லை. தானாக ஒரு தும்மல் வராமல் மிஷினை எப்படி நம்புவது?

ஏப்ரல் 1, செவ்வாய்

புது ஆள் வந்துவிட்டாள். என் நாற்காலியின் உயரத்தைத் தன் வசதிக்கு இறக்கிக்கொண்டாள். நல்ல கைதான். அதுவும் வயிற்றெரிச்சல். நாத்தனாரிடம், "ஒரே ஒரு வாடிக்கையாளர் எனக்குக் கொடு, பார்க்கலாம்" என்றேன். "கேக்கறவங்க கேட்டா நீங்க வெட்டுங்க அண்ணி. நானா யாரையும் உக்கார வைக்க மாட்டேன்" என்றாள். நியாயம். யார் கேட்பார்கள்?

ஏப்ரல் 5, சனி

போன் அடித்தது. எடுத்தால் பேங்க் அம்மா. தையல் பிரித்தாகிவிட்டதாம், முடி வளர்ந்துவிட்டதாம், அடுத்த சனிக்கிழமை வரலாமா என்று கேட்டார். எழுதிக்கொண்டேன். "யார்கிட்ட போடட்டும்?" என்று கேட்க வேண்டியதுதானே என் வேலை? கேட்டேன்.

"இப்ப நீங்க வெட்டறீங்களா?"

பரவாயில்ல, எல்லாம் சரியாப் போச்சு என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டேன்.

"வெட்டறேன். மிஷின மாத்தி வச்சிருக்காங்க. அந்த மாதிரி ஷாக் அப்புறம் வரல. ஆனா கத்தரியோட இருக்கும்போது தானா ஒரு தும்மல் வந்து நான் இன்னும் பாக்கல. அதனால உறுதியா சொல்ல முடியாதும்மா."

"யோசிக்கறேன்" என்று வைத்துவிட்டார்.

அழுகை வந்தது. ஆனாலும் மனசு லேசாக இருந்தது.

ஏப்ரல் 12, சனி

பேங்க் அம்மா வந்தார். நாத்தனார் தன் நாற்காலியைத் திருப்பினாள். அவர் அதைத் தாண்டி, ஓரத்தில் போன் பக்கமாக நான் போட்டிருந்த பழைய நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். இரண்டு கம்மலையும் கழற்றி என் உள்ளங்கையில் வைத்தார். ஒரு காது மடலில் மெல்லிய கோடு. அவரே அதைத் தொட்டுக் காட்டி, "இந்தப் பக்கம் கடைசியா வச்சுக்குங்க" என்றார். கண்ணை மூடிக்கொண்டார். கைப்பிடியைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்திருந்தன.

இவர் என்னைக் கூட்டிப்போக வந்து, பெஞ்சில் பேப்பரை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பக்கம் புரட்டும் சத்தமே இல்லை.

எல்லாம் முடிந்து கடைசியாக அந்தக் காது. மடித்து மூடி, குனிந்து, கையைத் தூக்கினேன். பொடி முடி பறந்து மூக்கில் ஏறியது. வருகிறது என்று தெரிந்தது. கத்தரியை விலக்க நேரமில்லை. மூச்சைப் பிடிக்கவும் இல்லை. தும்மினேன் — கண்ணாடி அதிர்கிற தும்மல்.

புது ஆள் டிரையரை நிறுத்தினாள். நாத்தனார் சீப்போடு பாதி வழியில் நின்றாள். பேங்க் அம்மா கண்ணைத் திறந்து கண்ணாடியில் என் கையைத்தான் பார்த்தார். நானும் அதைத்தான் பார்த்தேன். கத்தரி திறந்தபடி, வைத்த இடத்திலேயே இருந்தது.

பெஞ்சில் பக்கம் புரளும் சத்தம் கேட்டது. பேப்பருக்குப் பின்னாலிருந்து, தலையைத் தூக்காமல், இவர் "நூறு" என்றார்.

அடுத்த கொத்தை எடுத்தேன்.